மேலே வட்டமிடுவது எது? பறக்கும் பருந்துகளை அடையாளம் காண ஒரு வழிகாட்டி

பறவை பார்க்கத் தொடங்கிய சில மாதங்களில் மைனா, கொக்கு, மீன்கொத்தி, பனங்காடை எல்லாம் பழகிவிடும். உயரே ஏதாவது வட்டமடித்தால் மட்டும் பலரும் பைனாகுலரை இறக்கிவிட்டு, “ஏதோ பருந்து” என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இரைகொல்லிப் பறவைகள் அப்படித்தான் படுத்தும். கண்ணுக்குக் கிடைப்பது வெயிலுக்கு எதிரே ஒரு கறுப்பு உருவம், அதுவும் அரை நிமிடம். கையேட்டைத் திறந்தால் ஒரே இனத்துக்கு ஆண், பெண், இளம்பறவை, வெளிர் வகை, அடர் வகை என்று பக்கம் நிறையப் படங்கள். எல்லாமே பழுப்பு.

குறுக்கு வழி ஏதும் கிடையாது. ஒழுங்கான வழி ஒன்று உண்டு: பெயரைத் தேடி ஓடாமல், பார்த்ததை முதலில் வரிசையாகச் சேர்த்துக்கொள்வது. எவ்வளவு பார்த்தீர்களோ அந்த அளவுக்குத்தான் பெயர் வரும். அப்படி வந்த பெயரை, எதிரில் நிற்பவர் பெரிய ஆள் என்பதற்காக விட்டுக்கொடுக்கவும் வேண்டாம். கீழே எழுதியிருப்பது தமிழ்நாட்டில் பார்ப்பவர்களை மனதில் வைத்து.

முதலில் ஊர்ப் பருந்து

அரிய பறவையைத் தேடிப் போகும் முன் கரும்பருந்தையும் செம்பருந்தையும் சலிக்கும்வரை பாருங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் காசிமேடு மீன்பிடித் துறைமுகமோ பெருங்குடிக் குப்பைமேட்டுப் பக்கமோ போதும். மற்ற ஊர்களில் மீன் சந்தை, இறைச்சிக் கடைத் தெரு, பெரிய ஏரிக்கரை. இந்த இரண்டும்தான் உங்கள் அளவுகோல். இனிமேல் பார்க்கப்போகும் எதையும் இவற்றோடு ஒப்பிட்டுத்தான் பெரிது, சிறிது, வேகம், மெதுவு என்று சொல்லப்போகிறீர்கள்.

நேரம் முக்கியம். விடிந்தவுடன் போனால் பருந்துகள் மரத்திலோ கோபுர விளக்குக் கம்பத்திலோ உட்கார்ந்திருக்கும். தரை சூடேறி வெப்பக்காற்று மேலே எழும்பத் தொடங்கும் ஒன்பது மணியளவில் அவையும் எழும்பும். அப்போது இன்னும் தாழ்வாகவே சுற்றுவதால் நன்றாகத் தெரியும். உச்சிவெயிலில் அவை வெறும் புள்ளி. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நில்லுங்கள். பைனாகுலர் வழியாக ஒரு கணம்கூடச் சூரியனைப் பார்த்துவிடாதீர்கள், கண் போய்விடும். 8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் இதற்குத் தாராளம். 10 மடங்கும் சரிதான், ஆனால் பறப்பதைத் துரத்திப் பிடிக்கும்போது கை நடுக்கம் அதில் அதிகமாகத் தெரியும்.

கரும்பருந்துக்கு வால் கவையாகப் பிரிந்திருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் பாதி உண்மை. வட்டமடிக்கும்போது வாலை முழுக்க விரித்தால் அந்தக் கவை காணாமல் போய், ஓரம் நேர்கோடாகிவிடும். வால் ஓர இறகுகள் உதிர்ந்து முளைக்கும் காலத்திலும் அப்படித்தான். அதனால் அதன் வால் என்ன செய்கிறது என்பதைப் பாருங்கள்: படகுச் சுக்கான் போல ஓயாமல் இப்படியும் அப்படியும் திருகிக்கொண்டே இருக்கும். இறக்கை மணிக்கட்டில் மடங்கி, நுனி சற்றுக் கீழே தொங்கும். தெருவின் ஒரு முனையிலிருந்து பார்த்தாலே இந்த இரண்டும் தெரியும், நிறமே தேவையில்லை.

வளர்ந்த செம்பருந்தைக் குழப்பிக்கொள்ள வழியில்லை. வெள்ளைத் தலை, வெள்ளை நெஞ்சு, மற்றதெல்லாம் செங்கல் நிறம். அதன் இளம்பறவைதான் ஆளை ஏமாற்றும். உடம்பு முழுக்கப் பழுப்பாக, கரும்பருந்து போலவே இருக்கும். அங்கேதான் வால் கைகொடுக்கிறது. செம்பருந்துக்கு வால் குட்டை, ஓரம் வட்டமாக வளைந்திருக்கும், எந்த வயதிலும் கவை கிடையாது. இறக்கையின் அடியில் நுனிக்கு முன்னால் வெளிறிய திட்டு ஒன்றும் தெரியும். இந்த ஒரு ஜோடியைத் தடுமாறாமல் பிரிக்க வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

நிறம் கடைசியில்

புதியவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தை. அனுபவம் உள்ளவர்கள் கடைசியில் பார்ப்பதும் அதைத்தான். வானத்துக்கு எதிரே எல்லாப் பறவையும் கறுப்பு. வெள்ளை மணலுக்கோ உப்பளத்துக்கோ மேலே பறந்தால் கீழிருந்து எழும் வெளிச்சம் பட்டு அதே பறவையின் வயிறு வெளிறிப்போகும். நான் பழக்கத்தில் வைத்திருக்கும் வரிசை இது. எப்படிப் பறக்கிறது? இறக்கையை எந்தக் கோணத்தில் பிடிக்கிறது? வால் நீளமா குட்டையா? கழுத்தும் தலையும் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கின்றன? அப்புறம், வெளிச்சம் இடம் கொடுத்தால், பட்டைகளும் நிறமும்.

இதில் கோணம் என்பது பறவை நேராக நம்மை நோக்கி வரும்போதோ நம்மைவிட்டு விலகும்போதோதான் தெரியும். தலைக்கு மேலே இருக்கும்போது தெரியாது. எனவே தலைக்கு மேலே வந்ததும் பார்த்து முடித்துவிடாமல், அது விலகிப் போகும்போதும் கண்ணை எடுக்காதீர்கள். ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல இறக்கையைத் தூக்கிப் பிடிக்கிறதா, தட்டையாக விரிக்கிறதா, நுனியைத் தொங்கவிடுகிறதா என்ற ஒரே கேள்வி, கையேட்டின் பக்கங்களில் பாதியை ஒதுக்கிவிடும்.

இன்னொரு பொறி: ஒரே பறவையின் உருவம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். வட்டமடிக்கும்போது இறக்கை நுனி இறகுகள் விரல்களாகப் பிரிந்து, இறக்கை அகலமாகத் தெரியும். அதே பறவை வேகமெடுத்துச் சரிந்து இறங்கும்போது விரல்கள் ஒட்டிக்கொண்டு இறக்கை கூர்மையாகிவிடும். வைரி என்னும் ஷிக்ரா இப்படிச் சரியும்போது வல்லூறு என்று எழுதிவிடுபவர்கள் நிறைய. ஒரு நிலையை மட்டும் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள். இரண்டாவது நிலைக்குக் காத்திருங்கள்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. வெறும் வானத்தில் தனியாகப் பறப்பதன் அளவை யாராலும் சொல்ல முடியாது. பக்கத்தில் காகம் இருந்தால் சொல்லலாம், நல்ல வேளையாகப் பெரும்பாலும் இருக்கும். பருந்தைக் கண்டால் காகம் விடாது. ஊர்க்காகம் சுமார் 40 செ.மீ. நீளம். துரத்தப்படுவது காகத்தைவிடச் சிறியதா, அதே அளவா, ஒன்றரை மடங்கா என்று பார்த்துவிடுங்கள். காகம் இல்லையென்றால் சிறகடிக்கும் வேகத்தைக் கவனியுங்கள். சிறியவை படபடக்கும், பெரியவை நிதானமாக அடிக்கும். ஜோடியாகப் பறக்கும்போது ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் இரண்டு இனம் என்று முடிவு கட்ட வேண்டாம். இந்தக் கூட்டத்தில் பெரும்பாலான இனங்களில் பெண்தான் பெரியது.

பறக்கும் பாணியை வைத்துப் பிரிப்பது

காற்றில் ஒரே இடத்தில் நின்று சிறகடிப்பது எதுவானாலும் பட்டியல் உடனே சுருங்கிவிடும். சமவெளியில் பெரும்பாலும் மூன்றே பெயர்கள். வெண்மையாக, தோளில் கறுப்போடு, வயல்வெளி மின்கம்பியிலிருந்து எழுந்து வந்து நின்றால் கருந்தோள் பருந்து. படிப்படியாக இறங்கி, சமயத்தில் காலைத் தொங்கவிட்டபடி கீழே பார்க்கும். அக்டோபருக்குப் பிறகு, நீள வாலை விசிறியாக விரித்து, வால் நுனியில் கறுப்புப் பட்டையோடு நின்றால் கெஸ்ட்ரல் என்னும் சிவப்பு வல்லூறு. சமவெளிக்குக் குளிர்கால விருந்தாளி. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஆண்டு முழுக்க இருக்கும் வகையும் உண்டு. மூன்றாவது, “இவ்வளவு பெரியது எப்படி இப்படி நிற்கிறது?” என்று தோன்ற வைக்கும் பறவை. பெரிய தலை, வெளிறிய அடிப்பகுதி, இறக்கை விரித்தால் ஒன்றரை மீட்டருக்கும் மேல். அது குட்டைவிரல் பாம்புக்கழுகு. வறண்ட புதர்க்காட்டுப் பக்கம் பாம்பு தேடி நிற்கும். நீருக்கு மேலே நிற்பது ஆஸ்ப்ரே என்னும் விராலடிப்பானாக இருக்கலாம். கறுப்பு வெள்ளையில் சிறியதாக இருந்தால் அது கருப்புவெள்ளை மீன்கொத்தி, நம் கணக்கிலேயே வராது.

வயலையும் நாணலையும் ஒட்டித் தாழ்வாக, இறக்கையை ‘வி’ போலத் தூக்கிப் பிடித்து, இடமும் வலமும் சாய்ந்தபடி போவது பூனைப்பருந்து. பள்ளிக்கரணை, கழுவேலி, கோடியக்கரை போன்ற இடங்களில் குளிர்காலத்தில் வாத்துக்கூட்டம் திடீரென்று எழும்பினால், எழும்பிய இடத்துக்கு மேலே பாருங்கள். அடர் பழுப்பு உடம்பு, பாலாடை நிறத் தலை என்றால் சேற்றுப் பூனைப்பருந்தின் பெண்ணோ இளம்பறவையோ. கரும்பருந்தும் அதே நீர்நிலைக்கு வரும், ஆனால் அதற்கு இறக்கை தொங்கும், இதற்குத் தூக்கும். புல்வெளியில் பார்க்கும் மற்ற இரண்டு பூனைப்பருந்துகளில் வளர்ந்த ஆண்களைப் பிரிக்கலாம். வெளிர் சாம்பலில் இறக்கை நுனியில் மட்டும் மெல்லிய கறுப்பு ஆப்பு என்றால் பாலிட் ஹாரியர். இறக்கையின் மேற்பக்கம் குறுக்கே கறுப்புக் கோடும் இருந்தால் மோன்டகு. பெண்கள் இரண்டும் பழுப்பு, இரண்டுக்கும் வாலடியில் வெள்ளை. தெளிவான படம் இல்லாமல் பிரிக்க நினைப்பது வீண்வேலை. “பாலிட் அல்லது மோன்டகு” என்று எழுதிவிட்டுப் போங்கள். அனுபவசாலிகளும் அப்படித்தான் எழுதுகிறார்கள்.

இறக்கையை ‘வி’ போலப் பிடித்து உயரே வட்டமிட்டபடி கூவுவது கொண்டைப் பாம்புக்கழுகு. மலையடிவாரத்தில் காலை பத்து மணிக்குக் குரல் முதலில் வரும், தலை நிமிர்ந்தால் பறவை. அகன்ற இறக்கையின் பின்விளிம்பில் கறுப்புக்கு உள்ளே தடித்த வெள்ளைப் பட்டை, வாலிலும் ஒரு வெள்ளைப் பட்டை. இதைவிடச் சுலபமான கழுகு நம்மூரில் இல்லை. கடற்கரையில் ‘வி’ பிடித்து, இரண்டு மீட்டர் வரும் இறக்கையோடும் குட்டையான வெள்ளை வாலோடும் போவது வெண்வயிற்றுக் கடற்கழுகு. சாம்பலும் வெள்ளையும்தான், பழுப்பு கிடையாது. இளம்பறவை மட்டும் பழுப்பு.

தேன்பருந்துதான் தொல்லை. வெளிர், அடர், செம்பழுப்பு என்று எந்த நிறத்திலும் வரும். வயிற்றில் கோடு இருக்கலாம், பட்டை இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். குடுமிக் கழுகு, பாம்புக்கழுகு என்று கண்டபடி பெயர் வாங்கித் தருவது இதுதான். இதற்கு நிறத்தை விட்டுவிடுங்கள். உடம்புக்குப் பொருந்தாத சிறிய தலை, நீண்ட கழுத்து, முன்னால் புறாத்தலையை ஒட்டவைத்தது போல ஒரு தோற்றம். வட்டமடிக்கும்போது இறக்கை தட்டை. வால் நீளம், அதில் அகலமான இருண்ட பட்டைகள். குடுமிக் கழுகுக்குத் தலை பெரிது, இறக்கை உடம்போடு சேரும் இடத்தில் குறுகி நடுவில் அகலும். மலைக்காடு தாண்டி ஊருக்குள், தென்னந்தோப்புக்கு மேலே என்றால் தேன்பருந்தையே முதலில் நினையுங்கள். தேன்கூட்டையும் குளவிக்கூட்டையும் தேடி ஊருக்குள் தாராளமாக வரும்.

குளிர்காலத்தில் கரும்பருந்துக் கூட்டத்தோடு கலந்து வட்டமிடும் பூட்டட் ஈகிள் என்னும் சிறு கழுகைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தவறவிடுபவர்கள் அதிகம். இரண்டு வகை. வெளிர் வகைக்கு உடம்பும் இறக்கையின் முன்பாதியும் வெள்ளை, பின்பாதி கறுப்பு. அடர் வகை முழுக்கப் பழுப்பு. கரும்பருந்து என்று கடந்துபோய்விடுவோம். இரண்டு வகைக்கும் பொதுவாக ஓர் அடையாளம் உண்டு. நம்மை நோக்கி வரும்போது இறக்கை கழுத்தோடு சேரும் இடத்தில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வெள்ளைப் புள்ளிகள், விளக்குப் போட்டது போலத் தெரியும். வால் சதுரமாக வெட்டியது போல, திருகாது. திரும்பும்போது முதுகுப் பக்கம் வாலடியில் வெளிறிய பிறை.

வெளிர் பூட்டட் ஈகிளின் அதே வெள்ளை–கறுப்புக் கணக்கில் இன்னொரு பறவையும் வரும்: மஞ்சள்முகப் பாறு. பாறு என்றால் பிணந்தின்னிக் கழுகு. அதற்கு வால் ஆப்பு வடிவம், தலை மஞ்சள். திருக்கழுக்குன்றம் மலைக்கோயிலுக்கு மதிய வேளையில் வந்து பண்டாரம் கையால் சோறு வாங்கித் தின்ற ‘கழுகுகள்’ இவைதாம். 1990களோடு அந்த வருகை நின்றுபோனது. இன்று தமிழ்நாட்டில் பாறு இனங்களைப் பார்க்க வேண்டுமென்றால் முதுமலையை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்குதான். அங்கே இறக்கை பலகை போல அகலமாக, தலையும் வாலும் இருப்பதே தெரியாத அளவுக்குச் சிறிதாக, சிறகடிக்காமலே நீண்டநேரம் சுற்றுவது வெண்முதுகுப் பாறு. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோபினாக் மருந்தால் இந்தியா முழுக்கச் செத்து மடிந்த இனம். கால்நடைப் பயன்பாட்டுக்கு அந்த மருந்தை 2006இல் தடை செய்தார்கள்.

சிறியவற்றுக்கு வருவோம். வைரி ஊருக்குள்ளேயே இருக்கும். குட்டையான வட்ட இறக்கை, நீள வால். நாலைந்து முறை சிறகடித்து ஒரு சறுக்கல், மறுபடியும் சிறகடிப்பு. காலையில் உயரே வட்டமிடவும் செய்யும். இதே பாணியில் பறந்து, மைனாக்களையும் தவிட்டுக்குருவிகளையும் பதறவைத்து, அப்படியே மரத்துக்குள் நுழைந்துவிடும் வேறொன்று உண்டு: அக்காக்குயில். அது உட்கார்ந்ததும் அலகைப் பாருங்கள், வளைந்த கொக்கி இருக்காது. குரலை மட்டும் நம்பினால் கரிச்சான் ஏமாற்றும். வைரியின் குரலை அச்சாக எடுத்துவிடும். மலைக்காட்டில் வைரியின் உறவான பெஸ்ராவும் உண்டு. பறக்கும்போது மட்டும் பார்த்து அதைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம் என்பது என் கருத்து. தொண்டை நடுவில் தடித்த கோடு தெரிந்தால் சேருங்கள்.

வல்லூறுகளுக்கு இறக்கை வட்டமடிக்கும்போதும் கூர்மைதான். பாறைக்குன்றுகளிலும் உயரமான கோபுரங்களிலும் பொரி வல்லூறு உட்காரும். கட்டை உடம்பு, கனத்த நெஞ்சு, இறுக்கமான சிறகடிப்பு. புறாக்கூட்டம் வெடித்துச் சிதறினால் இதைத் தேடுங்கள்.

படம் எடுப்பவர்களுக்கு

கேமரா இருந்தால் எடுங்கள், ஆனால் முதல் பத்து நொடியைக் கண்ணுக்குக் கொடுங்கள். படத்தில் பறக்கும் பாணி வராது. வெளிச்ச ஈட்டை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) ஒன்று அல்லது ஒன்றரைப் படி கூட்டிவைத்தால்தான் வயிற்றுப் பக்கம் ஏதாவது தெரியும். இல்லாவிட்டால் கருநிழல் மட்டும் மிஞ்சும். ஒரே படத்தோடு நிறுத்தாமல் தொடர்ச்சியாகப் பத்துப் பதினைந்து எடுங்கள். சிறகைக் கீழே அடிக்கும் நொடியில் எடுத்த ஒற்றைப் படத்தில் வைரிக்கும் வல்லூறு இறக்கை வந்துவிடும். இறக்கையில் இடைவெளி தெரிந்தால் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இறகு உதிர்ந்து முளைக்கிறது; ஒரு பக்கம் மட்டும் என்றால் அடிபட்டிருக்கலாம். இரண்டுமே இனத்தின் அடையாளம் ஆகாது.

படத்தை மெர்லின் போன்ற, பறவையை அடையாளம் சொல்லும் செயலியில் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் அது உங்கள் குறிப்பைப் படிப்பதில்லை, அந்த ஒரு படத்தையும் நீங்கள் கொடுக்கும் இடம், தேதியையும்தான் பார்க்கிறது. நிழலுருவத்தைக் கொடுத்தாலும் பெரும்பாலும் ஏதோ ஒரு பெயரைச் சொல்லும். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு உங்கள் குறிப்பில் உள்ள வாலும் இறக்கையும் அதற்குப் பொருந்துகின்றனவா என்று சரிபாருங்கள்.

கையேட்டைத் திறப்பதற்கு முன்

இந்த முழு வேலையிலும் பெரிய பலன் தருவது இந்தப் படிதான், பெரும்பாலானோர் தாண்டிவிடுவதும் இதைத்தான். பறவை மறைந்ததும் கையேட்டையோ போனையோ தொடாமல், பார்த்ததை எழுதிவிடுங்கள். ஏன் உடனே? படத்தைப் பார்த்த பிறகு நினைவு மாறிவிடும். கையேட்டில் ‘தோளில் வெள்ளைப் புள்ளி’ என்று படித்த மறுநிமிடமே, “ஆமாம், பார்த்தேன்” என்று மனம் சத்தியம் செய்யும். யாரும் பொய் சொல்வதில்லை. மூளை அப்படித்தான் இட்டு நிரப்பும். எழுதிவைத்தது மாறாது.

மாதிரிக்கு ஒன்று:

“ஜனவரி, காலை 9.40, வெள்ளலூர் குளக்கரை. சூரியன் எனக்குப் பின்னால். கரும்பருந்துகள் மூன்றோடு சேர்ந்து வட்டமிட்டது. அவற்றைவிடக் கொஞ்சம் சிறியது. முழுக்கப் பழுப்பு. வால் நேராக வெட்டியது போல, விரித்தபோதும் மடக்கியபோதும் கவை இல்லை. வாலைத் திருகவில்லை. இறக்கை அடியில் நுனி விரல்களுக்கு உள்பக்கம் கொஞ்சம் வெளிறல். முதுகைப் பார்க்கவில்லை. தலை சரியாகத் தெரியவில்லை. சுமார் இரண்டு நிமிடம்.”

இதில் ‘பார்க்கவில்லை’, ‘தெரியவில்லை’ என்ற இரண்டு வரிகளைக் கவனியுங்கள். அவையும் தகவல்தான். பின்னால் யாராவது, “முதுகில் வெளிறிய பிறை இருந்திருக்குமே” என்று கேட்டால், இல்லை என்று சொல்லத் தேவையில்லை, பார்க்கவில்லை என்று சொல்லலாம். இல்லாததும் பார்க்காததும் வேறு வேறு.

படம் வரையத் தெரியாது என்று கூச்சப்பட வேண்டாம். ஒரு கோட்டில் உடம்பு, இரண்டு இறக்கை, வாலின் ஓரம், வெளுப்பு எங்கே கறுப்பு எங்கே என்று ஓர் அம்புக்குறி. அவ்வளவு போதும். நான்கு வரி எழுத வேண்டியதை அது முடித்துவிடும்.

“அது வெறும் பருந்துதான் தம்பி”

மேலே உள்ள குறிப்போடு குழுவில் யாரிடமாவது போய், “அண்ணா, பூட்டட் ஈகிள் மாதிரி இருந்துச்சு” என்று சொல்லிப் பாருங்கள். “அது வெறும் கரும்பருந்துதான் தம்பி, இங்க நூறு சுத்துது” என்று பதில் வரலாம். சொல்பவருக்கு இருபது வருட அனுபவம் இருக்கும். நிகழ்தகவு அவர் பக்கம்தான். நூறில் தொண்ணூறு முறை அவர் சொல்வது சரியாகவும் இருக்கும். ஆனாலும் அவர் சொன்னது ஊரைப் பற்றி. நீங்கள் எழுதியது ஒரு பறவையைப் பற்றி.

அங்கே சண்டையும் வேண்டாம், சரணாகதியும் வேண்டாம். ஒரே கேள்வி: “எதை வச்சு சொல்றீங்கண்ணா?” அவரும் அதே பறவையைப் பார்த்து, “வால் ஓர இறகு உதிர்ந்திருந்தது, அதான் கவை தெரியல, வாலைத் திருப்பிக்கிட்டேதான் இருந்துச்சு” என்றால், அது நீங்கள் கவனிக்காத விவரம். மறுபடி போய்ப் பாருங்கள், கிடைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். “இந்தப் பக்கம் அது வராது” என்பது மட்டுமே பதில் என்றால், அவர் உங்கள் பறவையைப் பற்றி இன்னும் எதுவும் சொல்லவில்லை. வால் நேராக இருந்தது, திருகவில்லை என்ற இரண்டு வரிகளும் நோட்டில் அப்படியே இருக்கட்டும். பெயரை வேண்டுமானால் தள்ளிவையுங்கள்.

இதே நேர்மை உங்கள் பக்கமும் வேண்டும். அரியதைப் பார்த்துவிட்டோம் என்ற ஆசை வந்தவுடன், கரும்பருந்தின் வால்கூட நேராகத் தெரிய ஆரம்பிக்கும். அதற்கு நான் செய்வது: விரும்பிய பெயருக்கு எதிராக ஒரு வாதத்தை நானே எழுதிப் பார்ப்பது. “இது கரும்பருந்தாகவே இருந்தால் எது பொருந்தும், எது பொருந்தாது?” பொருந்தாதவை இரண்டுக்கு மேல் இருந்தால் மட்டுமே அந்தப் பெயரைச் சொல்வேன்.

குழுவாகப் போகும்போது யாரோ ஒருவர் கத்துவார், எல்லோரும் தலை நிமிர்வதற்குள் பறவை போய்விடும், ஆனால் பட்டியலில் எல்லோரும் சேர்த்துவிடுவார்கள். பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பு போன்ற நிகழ்வுகளில் இது அடிக்கடி நடக்கும். பறவைப் பதிவுகளைச் சேர்த்துவைக்கும் இ-பேர்ட் தளத்தில் பட்டியலைப் பகிர்ந்துகொண்ட பிறகு, நீங்கள் பார்க்காத, கேட்காத இனங்களை உங்கள் பிரதியிலிருந்து மட்டும் நீக்கிவிட வசதி இருக்கிறது. கூச்சமில்லாமல் நீக்குங்கள்.

இ-பேர்டில் பதியும்போது

இனம் தெரியாவிட்டால் விட்டுவிட வேண்டியதில்லை. “ஏதோ ஒரு பூனைப்பருந்து”, “ஏதோ ஒரு பகல்நேர இரைகொல்லி” என்று பதியவும், இரண்டு இனங்களில் ஒன்று என்று பதியவும் தனித்தனித் தேர்வுகள் அதில் உண்டு. புதியவர்கள் இவற்றைத் தோல்வி என்று நினைத்துத் தவிர்த்துவிட்டு, கைக்கு வந்த பெயரைப் போட்டுவிடுகிறார்கள். சரியான ‘ஏதோ ஒன்று’ தவறான பெயரைவிட மேல், ஆய்வுக்கும் பயன்படும்.

அந்த ஊருக்கும் மாதத்துக்கும் எதிர்பாராத இனத்தைப் பதிந்தால் தளம் விவரம் கேட்கும். பிறகு அந்தப் பகுதிக்கான தன்னார்வலர் ஒருவர் எழுதியும் கேட்கலாம். உங்களைச் சந்தேகப்படுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். யார் பதிந்தாலும் கேட்பார்கள். “நன்றாகப் பார்த்தேன், நிச்சயம் அதுதான்” என்ற பதில் அவருக்கு எந்த உதவியும் செய்யாது. நோட்டில் உள்ள வரிகளை அப்படியே எடுத்து ஒட்டுங்கள்: தூரம், வெளிச்சம், வால், இறக்கைக் கோணம், பக்கத்தில் ஒப்பிட என்ன இருந்தது, எது தெரியவில்லை. ஏற்கவில்லை என்றாலும் பதிவு உங்கள் கணக்கில் இருக்கும், பொதுத் தரவில் மட்டும் சேராது.

பட்டியலை எத்தனை வருடம் கழித்தும் திருத்தலாம். பூட்டட் ஈகிளை நாலைந்து முறை அருகில் பார்த்துப் பழகிய பிறகு, பழைய ‘ஏதோ ஒரு இரைகொல்லி’ பதிவுகளைத் திறந்து அதே நாளின் நோட்டுக் குறிப்போடு வைத்துப் பாருங்கள். அன்று எழுதியதே போதுமென்றால் பெயரை மாற்றுங்கள். “இப்போது யோசித்தால் அதுவாகத்தான் இருக்கும்” என்று மட்டும் தோன்றினால், பதிவை அப்படியே விட்டுவிட்டு அடுத்ததைத் திறங்கள்.